மலைக்காற்றும் பொறியின் கணக்கும்

ஒசூரில் உருவாகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் பந்தய வகை ஈருருளி 2017 டிசம்பரில் அறிமுகமானபோது, அதன் பொறிக் கொள்ளளவு 312.2 கன சென்டிமீட்டர். உச்சத் திறன் 34 குதிரைத்திறன். 2020-இல் அதே பெயரில் வந்த வண்டிக்கும் கொள்ளளவு அதுவே. ஆனால் அவ்வண்டி, ஓட்டுபவர் தேர்ந்த நிலைக்கேற்ப ஒருபொழுது 34 குதிரைத்திறனையும் மற்றொருபொழுது 25.8 குதிரைத்திறனையும் தந்தது. 2024-இல் மீண்டும் அதே 312.2, திறனோ 38. அளவு மாறாத ஒரு கலம் ஆண்டுக்கு ஒரு விளைச்சலைத் தருவது எங்ஙனம்?

விடையின் ஒரு பாதி உலோகத்தில் உள்ளது. மறுபாதி, பட்டறைகளில் ஈ.சி.யு. என்று வழங்கும் மின்னணுக் கட்டுப்பாட்டகத்தில் உள்ளது. ஒரே பெயர் தாங்கி ஆண்டுதோறும் வெளிவரும் வண்டிகளைப் பிரித்துக் காட்டும் பெரிய வேற்றுமை, பொறி தான் உண்ணும் காற்றை எவ்வளவு துல்லியமாக அறிகிறது என்பதே. இதனை விளங்கிக்கொள்ள ஓடுதளமோ ஆய்வுக்கூடமோ வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையே போதும்.

மலையேறும் காற்று

2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்குகிறது. கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையை ஒட்டிச் செல்லும் சமவெளிச் சாலை, அடிவாரத்தில் மலைச்சாலையாகி வளைந்து வளைந்து வெள்ளிமலையை நோக்கி எழுகிறது. மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் ஏற்றிய சரக்கு வண்டிகள் இறங்கிவர, விடுமுறை நாள்களில் இளைஞர்களின் ஈருருளிகள் அருவிகளைத் தேடி ஏறிச் செல்கின்றன.

கள்ளக்குறிச்சி நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் மேலே உள்ளது. மலையின் மேற்பரப்போ பல இடங்களில் 600 முதல் 900 மீட்டர் உயரம். நம் தலைமேல் உள்ள காற்றுத் தூணின் எடையே வளியழுத்தம். மேலே ஏற ஏற அத்தூண் குட்டையாகிறது. இவ்வுயர எல்லைக்குள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிபார் வீதம் அழுத்தம் குறையும். அடிவாரச் சமவெளியில் 1000 மில்லிபாராக இருந்தது 900 மீட்டர் உயரத்தில் 910 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது, நூற்றுக்கு 9 பங்கு இழப்பு.

ஆனால் மலைக்காற்று குளிர்ந்தது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியஸ் குறையும் என்பது வளிமண்டலவியலின் பொது அளவு. 800 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 5 செல்சியஸ் எனக் கொள்ளலாம். குளிர்ந்த காற்று செறிவுடையது. ஆதலால் அழுத்தம் பறித்த 9 பங்கில் ஏறத்தாழ 2 பங்கைக் குளிர்ச்சி திருப்பித் தருகிறது. முடிவில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 7 பங்கு குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் பொறிக்கு உயிர்வளி அந்த அளவுக்குக் குறைவாகவே கிடைக்கும்.

இதை எண்ணில் காண்போம். 312.2 கன சென்டிமீட்டர் உருளை முழுவதும் நிரம்பினால், 32 செல்சியஸ் வெயிலில் சமவெளியில் ஏறத்தாழ 356 மில்லிகிராம் காற்றைக் கொள்ளும். கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். எனவே ஒரு சுற்றுக்கு வேண்டிய எரிபொருள் 24 மில்லிகிராம் அளவு. மலைமேல் அதே உருளையில் ஏறத்தாழ 331 மில்லிகிராம் காற்றே புகும். வேண்டிய எரிபொருள் 22.5 மில்லிகிராம். வேறுபாடு ஒன்றரை மில்லிகிராமைச் சற்றே தாண்டும். பொறி நிமிடத்துக்கு 9,700 முறை சுழலும்போது இத்தகைய ஊட்டம் நொடிக்கு 80 தடவை நிகழ்கிறது. நொடியில் எண்பதில் ஒரு பங்குக்குள், ஒரு மில்லிகிராமும் பிழையாமல் எரிபொருளை அளந்து ஊட்ட வேண்டும் என்பதே பொறியியலார் முன் நிற்கும் சிக்கல்.

படியும் தராசும்

மின்னணு வருமுன் இவ்வேலையைச் செய்தது கார்புரேட்டர். குறுகிய தொண்டை வழியே விரைந்து பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்க, அக்குறைவு நுண்துளை வழியே பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். மின்சாரமும் கணிப்பும் இன்றி இயற்பியலையே வேலைக்காரனாக்கிய அழகிய கருவி அது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. சந்தையில் தானியத்தைப் படியால் அளப்பவர் அதன் பருமனையே அறிவார், தராசில் நிறுப்பவரே எடையை அறிவார்; கார்புரேட்டர் காற்றைப் படியால் அளக்கும் கருவி. மலைமேல் படி நிறைந்தே இருக்கும், உள்ளிருக்கும் சரக்கு மட்டும் குறைந்துவிடும்.

அதன் விளைவையும் கணக்கிடலாம். கார்புரேட்டர் உறிஞ்சும் எரிபொருள், காற்றடர்த்தியின் இருபடி மூலத்தைப் பொறுத்துக் குறைகிறது; உள்ளே செல்லும் காற்றின் எடையோ அடர்த்தியின் நேர்வீதத்திலேயே குறைகிறது. எனவே அடர்த்தி நூற்றுக்கு 7 பங்கு குறையும்போது, காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் நூற்றுக்கு மூன்றரை முதல் 4 பங்கு வரை மிகுந்துவிடும். கல்வராயன் மலைமேல் பல நாள் உழைத்த பழைய கார்புரேட்டர் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சமவெளியில் நன்கு எரிந்த பிளக்கின் வெண்பீங்கான் முனை இளம்பழுப்பாக இருக்கும். மலைவண்டியின் பிளக்கில் அம்முனையைச் சுற்றி மங்கிய கரி படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். எரியாமல் எஞ்சிய பெட்ரோலின் கையொப்பம் அது.

காற்றைத் தராசில் நிறுக்கும் முயற்சி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் ஊட்ட முறையை வோக்ஸ்வாகன் 1600 மகிழுந்தில் பொருத்தியது. 1976-இல் வோல்வோ, புகைபோக்கியில் உயிர்வளி உணரியைக் கலிபோர்னியச் சந்தைக்கான வண்டிகளில் வைத்தது. 1979-இல் போஷின் மோட்ரானிக் அமைப்பு, எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கட்டுப்பாட்டகத்தின் கீழ்க் கொணர்ந்தது. மகிழுந்தில் வேரூன்றிய இம்முறை, இந்திய ஈருருளிகளில் 2006-ஆம் ஆண்டளவில் கிளாமர் எஃப்.ஐ. போன்ற வண்டிகள் வழியே நுழைந்தது. 2008-இல் வந்த யமாஹா ஆர்15, நீர்க்குளிர்வித்த பொறியோடும் எரிபொருள் தெளிப்பானோடும் இளைஞர்களின் கனவு வண்டியாயிற்று.

கட்டுப்பாட்டகம் என்ன அறிகிறது?

சாவியைத் திருப்பியதும், பொறி இயங்கும் முன்னரே, எரிபொருள் தொட்டிக்குள் ஒரு சிற்றிரைச்சல் ஓரிரு நொடி எழுந்து அடங்கும். பெட்ரோலை அழுத்தத்துக்குக் கொணரும் மின்னிறைப்பியின் ஒலி அது. அதே வேளையில் கட்டுப்பாட்டகம் ஓசையின்றி வேறொன்றைச் செய்துகொள்கிறது. பொறி சுழலாத நிலையில் உள்ளிழு குழாயில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே. அதை அழுத்த உணரி வாயிலாகப் படித்து, தான் நிற்கும் இடம் கச்சிராயபாளையத்துச் சமவெளியா, வெள்ளிமலை உச்சியா என்பதற்கு ஈடான செய்தியைப் பெற்றுவிடுகிறது. உயரத்தை மீட்டரில் அது அறியாது. அதற்குத் தேவையும் இல்லை. அழுத்தம் தெரிந்தால் போதும்.

பொறி இயங்கத் தொடங்கியபின் செய்திகள் பெருகுகின்றன. சுழல்தண்டின் விளிம்பில் உள்ள பற்களை எண்ணும் உணரி, பொறியின் விரைவையும், உந்துதண்டு அதாவது பிஸ்டன் எந்த இடத்தில் உள்ளது என்பதையும் சொல்கிறது. காற்று வாயில் எவ்வளவு திறந்துள்ளது, உட்புகும் காற்று எவ்வளவு சூடு, குளிர்நீர் எவ்வளவு சூடு என்பவற்றைப் பிற உணரிகள் தெரிவிக்கின்றன. இவற்றைக் கொண்டு உருளைக்குள் புகுந்த காற்றின் எடையைக் கட்டுப்பாட்டகம் வருவிக்கிறது. அதற்குப் பயன்படும் விதி, பள்ளி இயற்பியலில் அனைவரும் படிக்கும் வளிமச் சமன்பாடுதான்: அழுத்தமும் பருமனும் வெப்பநிலையும் தெரிந்தால் வளிமத்தின் அளவு தெரியும். பருமன் உருளையின் கொள்ளளவு. அழுத்தமும் வெப்பநிலையும் உணரிகள் தருபவை. உருளை நடைமுறையில் எவ்வளவு நிரம்பும் என்ற திருத்தத்தை மட்டும், ஆய்வுக்கூடத்தில் அளந்து எழுதிய அட்டவணை ஒன்று நிறைவு செய்கிறது.

கணக்கு சரியா என்று சோதிப்பது புகைபோக்கியில் உள்ள உயிர்வளி உணரி. சிர்கோனியப் பீங்கானால் ஆன அதன் முனை, புகையில் உயிர்வளி எஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவும், எரிபொருள் மிகுந்திருந்தால் 0.9 வோல்ட் அளவும் மின்னழுத்தம் தரும். சீராக ஓடும் வண்டியில் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எரிபொருளைச் சற்றே கூட்டு, கூடினால் சற்றே குறை என்னும் ஓயாத திருத்தமே அவ்வூசல்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எத்துணை நுண்மையான கட்டுப்பாட்டகமும் இல்லாத காற்றைப் படைக்காது. சமவெளியில் 34 குதிரைத்திறன் தரும் பொறி, 900 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 31 அல்லது 32 தான் தரும். பழைய கார்புரேட்டர் வண்டியும் இழக்கிறது. புதிய வண்டியும் இழக்கிறது. பழையது இழப்பதோடு நில்லாமல் எரிபொருளையும் வீணாக்கிக் கரியையும் கக்குகிறது. புதியது உள்ள காற்றுக்கு ஏற்ற எரிபொருளை மட்டும் ஊட்டி, இழப்பை அந்த ஏழு பங்கோடு நிறுத்திக்கொள்கிறது.

2017, 2020: சட்டம் எழுதிய வேற்றுமை

அப்பாச்சி ஆர்.ஆர். 310-இன் பொறி, டி.வி.எஸ். நிறுவனமும் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் பிரிவும் 2013-இல் செய்துகொண்ட உடன்பாட்டின் பயன். உருளையின் விட்டம் 80 மில்லிமீட்டர், உந்துதண்டின் ஓட்டம் 62.1 மில்லிமீட்டர். ஒற்றை உருளை, நான்கு வால்வுகள், நீர்க்குளிர்விப்பு. இதன் உருளை பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. பொதுவழக்குக்கு மாறாகக் காற்று முன்புறமிருந்து நுழைகிறது, புகை பின்புறம் வெளியேறுகிறது. முதல் வண்டி 9,700 சுழற்சியில் 34 குதிரைத்திறனும், 7,700 சுழற்சியில் 27.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. ஓட்டுபவரின் கைப்பிடியையும் காற்று வாயிலையும் ஒரு கம்பிவடம் இணைத்தது. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாரோ அவ்வளவு வாயில் திறந்தது. கட்டுப்பாட்டகம் அதன்பின் கணக்குப் போட்டது.

2019-இல் இவ்வண்டிக்கு வழுக்குக் கிளட்ச் கிடைத்தது. கியரை விரைந்து குறைக்கும்போது பின்சக்கரம் இழுபட்டுத் துள்ளாமல் காக்கும் பொறிமுறை அது. மலையிறக்கத்தில் வளைவுக்கு முன் அடுத்தடுத்துக் கியர் குறைப்பவர் இதன் அருமையை அறிவார். ஆயினும் பொறியின் உள்ளறிவைப் புரட்டிப்போட்ட ஆண்டு 2020 தான்; புரட்டியது சட்டம்.

இந்தியா மாசுக் கட்டுப்பாட்டில் பாரத் நான்காம் நிலையிலிருந்து ஐந்தைத் தாண்டி நேரே ஆறாம் நிலைக்குச் சென்றது. 2020 ஏப்ரல் 1 முதல் நான்காம் நிலை வண்டிகளை விற்கலாகாது என 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறாம் நிலையில் ஈருருளி ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடத்தக்க கார்பன் மோனாக்சைடு 1 கிராம். எரியா ஐதரோகார்பன் 0.1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராம். பெட்ரோலில் உள்ள கந்தகமும் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

இவ்வெல்லைகளை எட்டும் கருவி வினையூக்கி மாற்றி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரும்பொன்மங்கள் பூசிய தேன்கூட்டு வடிவத் துளைகளின் வழியே புகை செல்லும்போது, மூவகை நச்சும் ஒருங்கே சிதைகின்றன. ஆனால் அவை ஒருங்கே சிதைய வேண்டுமாயின், காற்றும் எரிபொருளும் 14.7-க்கு 1 என்ற சமநிலையை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். எரிபொருள் மிகுந்தால் கார்பன் மோனாக்சைடு தப்பிவிடும். காற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். பந்தயப் பொறியின் இயல்போ இதற்கு நேர்முரண். எரிபொருள் சற்று மிகுந்த கலவையில்தான் அது உச்சத் திறனைத் தரும்.

கம்பிவடம் பூட்டிய பொறியில் இம்முரண் ஒவ்வொரு முறுக்கலிலும் தலைதூக்கும். ஓட்டுபவர் கைப்பிடியைச் சட்டென முறுக்கினால் காற்று உடனே பாயும்; பெட்ரோலின் ஒரு பகுதியோ குழாயின் சுவரில் படலமாக ஒட்டிப் பின்தங்கும். அக்கணத்தில் கலவை பிழைக்கும். 2020-இன் ஆர்.ஆர். 310 இதற்குத் தேடிய தீர்வு, கம்பிவடத்தையே நீக்கியது. கைப்பிடி இப்போது ஒரு வேண்டுகோளை மட்டும் மின்குறிப்பாக அனுப்புகிறது. அதைப் படிக்கும் கட்டுப்பாட்டகம், சிறு மின்னோடியைக் கொண்டு காற்று வாயிலைத் தானே திறக்கிறது. எரிபொருள் எட்டக்கூடிய விரைவிலேயே காற்றையும் விடுகிறது. முன்பு ஓட்டுபவர் காற்றை ஆண்டார், கட்டுப்பாட்டகம் எரிபொருளை ஆண்டது. இப்போது இரண்டும் கட்டுப்பாட்டகத்தின் கையில்.

சட்டத்துக்காகச் செய்த இம்மாற்றம் வேறொரு வாசலையும் திறந்தது. காற்று வாயில் மென்பொருளின் ஆணைக்கு வந்துவிட்டதால், அதே உலோகத்துக்குப் பல இயல்புகளை எழுத முடிந்தது. மழை, நகரம், விளையாட்டு, ஓடுதளம் என நான்கு நிலைகள் வந்தன. மழை நிலையிலும் நகர நிலையிலும் 7,700 சுழற்சியில் 25.8 குதிரைத்திறன், மற்ற இரண்டில் முழு 34. கல்வராயன் சாலையில் ஐப்பசி மழையின்போது, வளைவில் சேறு படர்ந்திருக்கையில், 34-ஐக் காட்டிலும் 25.8 பயனுடைய எண்ணாகும். அடைமழையில் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கைப்பிடியைத் தொடாமலே வண்டி மெல்ல நகரும் வசதியும் 2020-இன் கொடையே.

யமாஹா சென்ற வழி

அதே சட்டத்தை யமாஹா ஆர்15 வேறு விதமாக எதிர்கொண்டது. 2008-இன் முதல் வண்டி 149.8 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், 10.4-க்கு 1 என்ற அமுக்க வீதமும் கொண்டு, 8,500 சுழற்சியில் 17 குதிரைத்திறன் தந்தது. 2018-இன் மூன்றாம் பதிப்பில் உருளையின் விட்டம் 57-இலிருந்து 58 மில்லிமீட்டராகிக் கொள்ளளவு 155-ஐ எட்டியது. அமுக்க வீதம் 11.6 ஆயிற்று; திறன் 10,000 சுழற்சியில் 19.3 ஆனது.

இவ்வுயர்வின் பின்னே நின்றது மாறும் வால்வு இயக்கம். வால்வைத் தூக்கும் புடைப்பு ஒன்றே எனில், பொறியாளர் ஏதேனும் ஒரு விரைவுக்கே அதை வடிவமைக்க இயலும். குறைந்த விரைவில் வால்வு சிறிதளவு திறந்தால் காற்று விரைந்து நுழைந்து நன்கு கலக்கும். உயர் விரைவில் அகலமும் நெடுநேரமும் திறந்தால்தான் உருளை நிரம்பும். மூன்றாம் பதிப்பு, உள்ளிழு வால்வுகளுக்கு இருவகைப் புடைப்புகளை வைத்தது. 7,400 சுழற்சியை எட்டியதும் கட்டுப்பாட்டகம் ஒரு மின்காந்த ஊசியைத் தள்ளி, பெரிய புடைப்பின் ஆளுகைக்கு வால்வுகளை மாற்றுகிறது. மலையேற்றத்தில் கீழ்க்கியரில் முறுக்கி ஏறுகையில் ஒலியே சற்று மாறுவதைச் செவி உணரும்.

2019 டிசம்பரில் ஆறாம் நிலைக்கு ஏற்ற ஆர்15 வந்தபோது திறன் 18.6 ஆகக் குறைந்தது. 2021-இன் நான்காம் பதிப்பில் 18.4. புதிய வண்டி பழைய வண்டியைவிட வலிமை குறைந்ததா என இளைஞர்கள் குறைப்பட்டனர். ஆம், நூற்றுக்கு நான்கைந்து பங்கு குறைந்ததுதான். ஆனால் நான்காம் பதிப்பின் கட்டுப்பாட்டகம், பின்சக்கரம் வழுக்குவதை உணர்ந்து திறனைத் தணிக்கவும் கற்றிருந்தது. உச்சத் திறன் என்னும் ஒற்றை எண் இறங்க, வண்டியின் அறிவு ஏறிற்று.

34 எப்படி 38 ஆயிற்று?

2024 செப்டம்பரில் ஆர்.ஆர். 310-இன் திறன் 9,800 சுழற்சியில் 38 குதிரைத்திறனாகவும், முறுக்குவிசை 7,900 சுழற்சியில் 29 நியூட்டன் மீட்டராகவும் உயர்ந்தது. சுழற்சி விரைவு 100 மட்டுமே கூடியிருப்பதைக் காண்க. இது தற்செயலன்று. 62.1 மில்லிமீட்டர் ஓட்டத்தில் 9,700 முறை சுழலும் பொறியின் உந்துதண்டு, சராசரியாக நொடிக்கு 20 மீட்டர் விரைவில் மேலும் கீழும் பாய்கிறது. 10,000 சுழற்சியில் ஆர்15-க்கும் அவ்விரைவு ஏறத்தாழ 20 மீட்டரே. கொள்ளளவில் பாதிக்குப் பாதி வேறுபடும் இரு பொறிகள் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. அன்றாடப் பயன்பாட்டில் நீண்ட நாள் உழைக்க வேண்டிய பொறி இதற்கு மிக மேலே செல்வது உலோகத்துக்கும் எண்ணெய்க்கும் கடினம்.

சுழற்சியைக் கூட்ட வழியில்லையாயின், ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வேலை வாங்க வேண்டும். திறனைச் சுழற்சியால் வகுத்துப் பார்த்தால் உச்சத் திறன் நிலையில் முறுக்குவிசை முன்பு 24.6 நியூட்டன் மீட்டர், 2024-இல் 27.2. ஏறத்தாழ நூற்றுக்கு 10 பங்கு மிகுதி. காற்றுப் பெட்டி பெரிதாகி, காற்று வாயில் அகன்று, உந்துதண்டு எடை குறைந்ததன் பயன் இது. ஆனால் இவ்வுலோக மாற்றங்கள் பழைய அட்டவணையோடு சேர்ந்தால் பயன் தாரா. உருளை முன்பைவிட நன்கு நிரம்புகிறது என்பதைக் கட்டுப்பாட்டகம் அறியாவிடில், பழைய அளவு எரிபொருளையே ஊட்டும். தீப்பொறியும் காலம் தவறும். 9,700 சுழற்சியில் சுழல்தண்டு 30 பாகை திரும்ப அரை மில்லி நொடியே ஆகிறது. அதற்குள் தீ உருளை முழுதும் பரவ வேண்டும். எந்தப் பாகையில் தீப்பொறி தெறிக்க வேண்டும் என்பது அட்டவணையின் மற்றொரு பக்கம். 2024-இன் நான்கு குதிரைத்திறன் உலோகமும் எண்ணும் சேர்ந்து ஈட்டிய செல்வம்.

2025-இல் இவ்வண்டி தன்னாய்வு விதிகளின் புதிய நிலையான ஓ.பி.டி.-2பி-க்கு மாறியது. இவ்விதிகளின்கீழ் கட்டுப்பாட்டகம் தன் உணரிகளையும் வினையூக்கியின் நலத்தையும் தானே கண்காணித்து, பழுது நேர்ந்தால் விளக்கேற்றி ஓட்டுபவருக்கு அறிவிக்கிறது.

கரும்பும் கட்டுப்பாட்டகமும்

காற்று மட்டும் மாறவில்லை, எரிபொருளும் மாறிவிட்டது. கள்ளக்குறிச்சி கரும்பு மண். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பாலைகளின் கழிபாகிலிருந்து வடிக்கப்படும் எத்தனால் இந்தியப் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2022-இல் நூற்றுக்கு 10 பங்கை எட்டிய கலப்பு 2025-இல் 20 பங்காயிற்று. எத்தனால் தன்னுள்ளேயே உயிர்வளியைக் கொண்டது. அதன் ஒரு பங்கு எரிய 9 பங்கு காற்றே போதும். ஆதலால் 20 பங்கு கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய காற்று 14.7-இலிருந்து 13.5 அளவுக்கு இறங்குகிறது. அதே காற்றுக்கு எரிபொருளை ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு மிகுத்து ஊட்ட வேண்டும்.

இங்கே ஒரு வியத்தகு பொருத்தம் தோன்றுகிறது. மலை எரிபொருளைக் குறைக்கச் சொல்கிறது; எத்தனால் மிகுக்கச் சொல்கிறது. கார்புரேட்டர் வண்டியில் இரு பிழைகளும் எதிரெதிராக நின்று ஓரளவு கழிந்துபோகலாம். ஆனால் சமவெளிக்கு இறங்கியதும் எத்தனாலின் பிழை மட்டும் எஞ்சிக் கலவை வறண்டுவிடும். உயிர்வளி உணரி உள்ள வண்டியோ புகையை முகர்ந்து தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். எனினும் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. குழாய், அடைப்பு வளையம் முதலிய நெகிழ்பொருள்கள் எத்தனாலைத் தாங்குமா என்பது மென்பொருளால் தீராத வினா. ஆகவே 10 பங்குக்கு வடிவமைத்த 2017-இன் வண்டியும், 20 பங்குக்கு வடிவமைத்த பின்னாளைய வண்டியும் இதிலும் வேறுபடுகின்றன.

பட்டறைக்கு ஒரு சொல்

இவ்வளவும் அறிந்தபின் நடைமுறைக் கருத்து ஒன்று தானே விளங்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கட்டுப்பாட்டகத்தைப் புதிய வண்டிக்குப் பூட்டலாம், பெயர் ஒன்றுதானே என்று எண்ணுவது பிழை. 2018-இன் ஆர்.ஆர். 310 கட்டுப்பாட்டகத்துக்குக் காற்று வாயிலைத் திறக்கும் மின்னோடி என ஒன்று இருப்பதே தெரியாது. கைப்பிடியின் மின்குறிப்பைப் படிக்கும் வழியும் அதனிடம் இல்லை. வால்வுகளை மாற்றும் ஆணை ஆர்15-இன் முதற்பதிப்புக் கட்டுப்பாட்டகத்தில் எழுதப்படவே இல்லை. பதிவுச் சான்றில் பொறிக்கப்பட்டுள்ள உருவாக்க மாதம், ஆண்டு, மாசு நிலை ஆகிய மூன்றையும் பார்த்த பின்னரே உதிரியைத் தேட வேண்டும். வெளிச்சந்தையில் கிடைக்கும் துணைப்பெட்டியை இணைத்து எரிபொருளை மிகுத்தால் சில குதிரைத்திறன் கூடலாம். ஆனால் மிகுந்த எரிபொருள் வினையூக்கிக்குள் எரிந்து அதன் தேன்கூட்டை உருக்கக்கூடும்.

உந்துதண்டின் விரைவு தன் எல்லையைத் தொட்டு நிற்பதால், இனிவரும் ஆண்டுகளின் வேற்றுமையில் பெரும்பங்கு உணரிகளிலும் அட்டவணைகளிலுமே அமையும். காதால் கேட்டும் கையால் தொட்டும் பொறியின் நோயறிந்த நம் பட்டறைக் கலைஞர்களின் திறம் அதனால் வீணாகாது. அதனோடு மின்னழுத்த எண்களைப் படிக்கும் பழக்கமும் சேர வேண்டும். அதற்கான அடிப்படை ஏற்கெனவே பள்ளிப் பாடநூலில் உள்ளது. தொழிற்பயிற்சி மாணவர் ஒருவர் அழுத்த உணரியின் அளவைக் கோமுகி அணைக்கரையில் ஒருமுறையும் வெள்ளிமலையில் ஒருமுறையும் குறித்துக்கொண்டு, வளிமச் சமன்பாட்டைக் கொண்டு எரிபொருள் அளவைத் தம் கையால் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அதன்பின் எந்த ஆண்டின் வண்டி வந்தாலும் கட்டுப்பாட்டகம் அவருக்குப் புரியாத கரும்பெட்டியாக இராது.